குந்தவையும் வந்தியத்தேவனும்: ஏட்டிலிருந்து திரைக்கு

பத்தாம் வகுப்பு மாணவி, இலஞ்சி

முன்னுரை

ஒரு கதையைப் படிக்கும்போது நாம் ஒவ்வொருவரும் மனத்திற்குள் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். கதைத் தலைவியின் முகம், குரல், நடை, அவள் கூந்தலை முடித்திருக்கும் விதம் எல்லாம் அந்தப் படத்தில் முடிவாகிவிடுகின்றன. பின்னர் அதே கதையை வேறொருவர் வெள்ளித்திரையில் காட்டும்போது, நம் மனப்படமும் அந்தத் திரைப்படமும் மோதிக்கொள்கின்றன. 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இந்த மோதல் நடந்தது.

அதிகமாகப் பேசப்பட்டவர்களுள் இளையபிராட்டி குந்தவையும் வாணர் குலத்து வந்தியத்தேவனும் முக்கியமானவர்கள். அறிவும் துணிவும் மிக்க ஒரு பெண்ணுக்குக் காதலும் உண்டென்றால், அதைத் திரையில் எவ்வளவு காட்டுவது, எப்படிக் காட்டுவது? எங்கள் இலக்கிய மன்றத்தில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டோம். நாங்கள் வாதிட்டதோடு நில்லாமல், எங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டோம். அவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

கதை வந்த வழி

அமரர் கல்கி இந்நாவலை 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணி மகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகங்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களின் வழியாகத்தான் வாசகர்கள் குந்தவையின் திருமுகத்தை முதன்முதலில் கண்டார்கள்.

நம் வட்டாரத்திற்கும் கல்கிக்கும் உறவு உண்டு. தென்காசியைச் சேர்ந்த ரசிகமணி டி.கே.சி. கல்கியின் நெருங்கிய நண்பர். குற்றாலத்தில் டி.கே.சி. வாழ்ந்த வீட்டுக்கு வந்து அவருடைய இலக்கியப் பேச்சைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் கல்கியும் ஒருவர். இரு நண்பர்களும் 1954-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

இக்கதையைப் படமாக்கும் ஆசை புதிதன்று. 1958-இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி அறிவிப்பும் செய்தார், அது நிறைவேறவில்லை. இறுதியில் மணிரத்னம் இயக்கத்தில் முதற்பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. திரிஷா குந்தவையாகவும் கார்த்தி வந்தியத்தேவனாகவும் நடித்தனர். அப்போது நாங்கள் ஏழாம் வகுப்பு மாணவியர். எங்களில் பலர் படத்தை முதலில் பார்த்து, பிறகே புத்தகத்தைத் தேடிப் படித்தவர்கள். எங்கள் ஆச்சிமார் புத்தகத்தை முதலில் படித்துவிட்டு, அறுபது ஆண்டுகள் படத்திற்காகக் காத்திருந்தவர்கள். கருத்து வேற்றுமைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாளெடுக்காத வீராங்கனை

வீராங்கனை என்றதும் குதிரையும் கேடயமும் நம் நினைவுக்கு வருகின்றன. கல்கியின் குந்தவை போர்க்களம் புகுந்தவள் அல்லள். அவளுடைய ஆயுதம் அறிவு. தந்தை சுந்தர சோழர் நோயில் கிடக்கிறார். அண்ணன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில். தம்பி அருள்மொழி ஈழத்தில். பழையாறையில் இருந்தபடியே சோழநாட்டைச் சிதறாமல் பிடித்து நிறுத்தப் பார்ப்பவள் இவளே.

இவளிடம் கரிகாலனின் ஓலையைக் கொண்டுவருகிறான் வந்தியத்தேவன். ஆனால் அதற்கு முன்பே இருவரும் சந்தித்துவிடுகிறார்கள். குடந்தை சோதிடர் வீட்டில் முதற்சந்திப்பு. அடுத்து அரிசிலாற்றங்கரையில் பெண்களை முதலை நெருங்குவதாக எண்ணி அவன் வேலை எறிகிறான். அது உயிரில்லாத பஞ்சு அடைத்த முதலை! பெண்கள் சிரிக்கிறார்கள். காப்பாற்ற வந்த வீரன் அசடு வழிகிறான். இந்த வேடிக்கைக்குள் கல்கி ஒரு செய்தியை வைத்திருக்கிறார். இக்கதையின் தலைவி, வீரன் வந்து மீட்க வேண்டிய பேதை அல்லள். பின்னர் அவள்தான் அவனுக்கு வேலை கொடுக்கிறாள். தம்பியை அழைத்துவர ஈழத்துக்கு அனுப்புகிறாள். காதலும் அந்தப் பணியோடு சேர்ந்தே வளர்கிறது.

வாசகர் சொன்னவை

நாங்கள் கேட்ட கருத்துகளை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

முதற்கட்சியார், காதல் போதவில்லை என்கிறார்கள். "சோதிடர் வீடும் முதலையும் புத்தகத்தில் உள்ளபடி வரவில்லையே. அவை இல்லாமல் இவர்கள் காதல் எப்படி மலர்ந்தது என்று புதிதாகப் பார்ப்பவருக்கு விளங்குமா?" என்பது அவர்கள் வாதம். கண்ணால் பேசிக்கொள்வதை மட்டும் வைத்துப் படத்தை நகர்த்திவிட்டார்கள் என்பது அவர்களுக்குக் குறை.

இரண்டாம் கட்சியார், அளவு சரிதான் என்கிறார்கள். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டும். எதையாவது விடத்தான் வேண்டும். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசும் சபைக்குள் குந்தவை துணிந்து நுழைந்து, திருமணப் பேச்சை எடுத்துப் போட்டு அவர்களின் ஒற்றுமையைக் கலைக்கும் காட்சியை இவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். புத்தகத்தில் பல அத்தியாயங்களில் சிறிது சிறிதாகத் தெரியும் அவளுடைய அரசியல் அறிவை ஒரே காட்சியில் கண்டோம். இதற்காகக் காதற்காட்சிகள் குறைந்தால் குறையட்டும் என்பது இவர்கள் கட்சி.

மூன்றாம் கட்சி சிறியது, ஆனால் உறுதியானது. இவர்களில் பெரும்பாலோர் ஆச்சிமார். "மணிமேகலை எங்கே?" என்பதுதான் இவர்கள் கேள்வி. கந்தமாறனின் தங்கை மணிமேகலை வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்து, நாவலின் இறுதியில் உயிர்விடுகிறாள். படத்தில் அப்பெண்ணே இல்லை. "அந்தப் பிள்ளைக்காக அழாதவள் கதையைப் படித்தவளே இல்லை" என்றார் ஓர் ஆச்சி. மணிமேகலையின் துயரம் இருந்தால்தான் குந்தவையின் காதலுக்கும் ஒரு கனம் உண்டாகும் என்று அவர் சொன்னபோது எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

இவர்கள் மூவருக்கும் நடுவே, நாம் பாண்டிநாட்டுப் பெண்கள், ஆகவே நந்தினியின் பக்கம்தான் பேச வேண்டும் என்று வாதிட்ட தோழியரும் உண்டு! அது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

வாசகர்கள் இப்படிக் கேள்வி கேட்பது கல்கிக்கும் புதிதாக இருக்கவில்லை. 1954-இல் தொடர் முடிந்ததும், கதைமாந்தர் பின்னர் என்ன ஆனார்கள் என்று நேயர்கள் கேட்டார்கள். குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்துகொண்டார்களா என்பதும் அவற்றுள் ஒன்று. அதனால் அவர் ஒரு முடிவுரை எழுதி விளக்கம் தர வேண்டியதாயிற்று.

பிற படங்களில்

இக்கேள்வி நம் கதைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1941-ஆம் ஆண்டு சித்திரக் கதையில் தோன்றியவள் 'வொண்டர் உமன்' என்னும் வீராங்கனை. அவளுடைய காதலன் ஸ்டீவ் டிரெவர் என்னும் விமானி. 2017-இல் வந்த படத்தின் முடிவில் அவன் பிறரைக் காக்கத் தன் உயிரைத் தருகிறான். அவள் தன் கடமையைத் தொடர்கிறாள். 2020-இல் வந்த அடுத்த படத்தில், அவள் விருப்பத்தின் பயனாக அவன் திரும்பி வருகிறான். அதற்கு விலையாக அவளுடைய ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது. இறுதியில் அவனை விட்டுக் கொடுத்துத்தான் ஆற்றலை மீட்கிறாள்.

புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கிருந்து 2025 ஆகஸ்டில் 'லோகா' என்னும் மலையாளப் படம் வந்தது. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியின் கதையை அடியொற்றியது அது. அதன் தலைவி சந்திராவிடம் மனத்தைப் பறிகொடுக்கும் அண்டைவீட்டு இளைஞன் அவளைக் காப்பாற்ற வந்தவன் அல்லன். அவளைக் கண்டு வியப்பவன், அஞ்சுபவன், பிறகு துணை நிற்பவன்.

வொண்டர் உமன் கதை ஒன்றைச் சிந்திக்க வைக்கிறது. காதலா, ஆற்றலா என்று ஒரு பெண்ணின் முன் இரண்டு தட்டுகளை ஏன் வைக்க வேண்டும்? வீரனான ஓர் ஆணின் கதையில் காதல் வந்தால் அவன் வலிமை குறைவதாக யாரும் எழுதுவதில்லையே!

எங்கள் முடிவு

நீண்ட வாதத்திற்குப் பின் நாங்கள் ஓர் உரைகல்லைக் கண்டோம். எத்தனை காதற்காட்சி இருக்கிறது என்று எண்ணுவது பயன் தராது. காதல் வந்த பிறகு அவளுடைய வேலை நிற்கிறதா, தொடர்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

கல்கியின் குந்தவை இந்த உரைகல்லில் மாற்றுக் குறையாத பொன். வேற்று நாட்டு அரசனை மணந்தால் சோழநாட்டை விட்டுப் போக நேரும். அதற்கு அவள் உடன்படவில்லை. வந்தியத்தேவனோ நாடிழந்த குலத்து வீரன். அவனுடைய அரண்மனைக்கு அவள் போக வேண்டியதில்லை. அவன்தான் அவளுடைய நாட்டுக்கு உழைக்க வருகிறான். அவளுடைய பணிக்கு இடம் தருகிற ஒருவனை அவள் தேர்ந்துகொள்கிறாள். இது கண்மூடிய காதலன்று. கண் திறந்த காதல்.

திரைப்படமும் இந்த இடத்தில் தவறவில்லை என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. முதலையை விட்டார்கள், மணிமேகலையை விட்டார்கள், அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் காதலனைக் கண்டதும் குந்தவையைத் தலைகுனிந்து நிற்கும் பதுமையாக ஆக்கிவிடவில்லை. அவன் முன்னும் அவள் இளவரசியாகவே நிற்கிறாள். அவனும் அதற்காகவே அவளை மதிக்கிறான். வந்தியத்தேவனுடைய பெருமையும் அதில்தான் இருக்கிறது.

கல்வெட்டு சொல்வது

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். குந்தவைப் பிராட்டியார் உண்மையில் வாழ்ந்தவர், இராசராசனின் தமக்கையார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். வந்தியத்தேவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி சிறிதே. கல்கியின் கற்பனைக்கு அந்தச் சிறு குறிப்பு போதுமானதாக இருந்தது.

அதே கோயிலில், தாம் கொடுத்தவற்றையும் தம் அக்கன் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டார். பட்டத்தரசியர் கொடுத்தவற்றுக்கும் முன்னே அக்கனின் கொடைக்கு இடம். தந்தைக்கும் தாய்க்கும் அவர் அங்கே படிமங்கள் அமைத்தார். தந்தையின் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்கு நிலம் அளித்தார். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுப்பித்தார். ஒருவரின் மனைவி என்ற பெயரோடு, தம் கையால் செய்த அறங்களின் பட்டியலும் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. இன்று தஞ்சையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே.

முடிவுரை

இது வெறும் சினிமாப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆண்டு நாங்கள் அரசுப் பொதுத்தேர்வு எழுதுகிறோம். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் யார் யார் இருப்போம் என்று பேசும்போது, எங்களில் சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் குற்றாலம் பராசக்தி கல்லூரியில் சேர வேண்டும் என்று கனவு காண்பவர்களும் உண்டு. பதினெட்டு வயது எப்போது நிறையும் என்று உறவினர் கணக்குப் பார்ப்பதைக் கேட்டு அஞ்சுபவர்களும் உண்டு. நம் அன்னையரில் எத்தனையோ பேர் நன்றாகப் படித்தவர்கள், நன்றாகப் பாடியவர்கள். திருமணத்திற்குப் பின் அது என்ன ஆயிற்று என்று கேட்டால், "அதெல்லாம் அப்பவே விட்டாச்சுல்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறார்கள்.

ஆகவே தோழியரே, இனி ஒரு வீராங்கனையின் கதை திரைக்கு வரும்போது அவளுடைய நாயகன் அழகனா, பாட்டு இனிமையா என்று மட்டும் பார்க்க வேண்டாம். அவன் வந்த பிறகும் அவள் தன் பணியைச் செய்கிறாளா என்று பாருங்கள். நாளை நமக்கென்று ஒரு வாழ்க்கை அமையும்போதும் அதே கேள்வியை அஞ்சாமல், அன்போடு கேட்போம். படித்ததை விடாத பெண்களாக, எடுத்த பணியைத் தொடரும் பெண்களாக இருவரும் சேர்ந்து உழைக்கும் இல்லம் அமைப்போம். குந்தவையும் வந்தியத்தேவனும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.