பழைய ஜீப் வாங்கலாமா? விலையைப் பார்க்காதீங்க, நடையை எண்ணுங்க

"அண்ணா, எனக்கு மாசம் 45,000 சம்பளம். கோயம்புத்தூர்ல வேலை. ஊர் தாண்டிக்குடி பக்கம். அப்பாவுக்கு நாலு ஏக்கர்ல காபியும் மிளகும் இருக்கு. தோட்டத்துக்குப் போற கடைசி மூணு கிலோமீட்டர் மண் ரோடு. ஒவ்வொரு தடவையும் வாடகை ஜீப்புக்குக் காசு கொடுத்து மாளல. இப்போ மூன்றரை லட்சத்துக்கு ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வருது. பர்சனல் லோன் போட்டு வாங்கிடட்டுமா?"

நம்ம சேனலுக்கு வந்த கேள்வி இது. ஊர்ல நிலம், நகரத்துல சம்பளம்னு இருக்கிற நிறைய பேருக்கு இதே கேள்வி இருக்கும். அதனால வீடியோவுல அவசரமா சொன்ன கணக்கை இங்கே நிதானமா போடலாம், வாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "மூன்றரை லட்சம் அதிகமா, கம்மியா?" என்பது இங்கே கேள்வியே இல்லை. வருஷத்துக்கு எத்தனை நடை ஓடப் போகுது என்பதுதான் கேள்வி.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு

வண்டி ஷெட்ல நின்னாலும் சில செலவுகள் நிற்காது. இந்தத் தம்பி பார்த்திருக்கும் வண்டி 20 வருஷம் தாண்டிய, 2,523 சிசி டீசல் இன்ஜின் உள்ள மஹிந்திரா ஜீப். அதை வைத்தே பார்ப்போம்.

ஆர்.சி. புதுப்பிப்பு: சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் ஐந்தைந்து வருஷமா புதுப்பிக்கணும். 15 வருஷம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலில் இருந்து கட்டணம் ரூ.5,000. 20 வருஷம் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டில் வந்த உயர்வுப்படி ரூ.10,000. அதாவது வருஷத்துக்கு ரூ.2,000. பசுமை வரி இதில் சேராது, அது தனி.

இன்சூரன்ஸ்: 1,500 சிசிக்கு மேல் உள்ள சொந்த காருக்கு, 2022 ஜூனில் வந்த விகிதப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் ரூ.7,897. 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.9,318. ஓனருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்து ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். இதே இடத்தில் 1.3 லிட்டர் ஜிப்ஸியாக இருந்தால் அடிப்படை பிரீமியம் ரூ.3,416தான். இன்ஜின் அளவு இங்கே பேசும்.

விலை இறக்கம்: வண்டி 3,50,000. வாங்கியதும் பிரேக், கிளட்ச், டயர், ஆயில் சீல் என்று ஒரு 80,000 ஆகும்னு வைங்க. மொத்தம் 4,30,000. ஐந்து வருஷம் கழித்து 2,30,000க்கு விற்றால், போனது 2,00,000. வருஷத்துக்கு 40,000.

முடங்கிய பணம்: அந்த 4,30,000 எஃப்.டி.யில் 7% வட்டிக்கு இருந்திருந்தால் வருஷம் சுமார் 30,000 வந்திருக்கும். யாரும் பில் போட்டுக் கேட்காத செலவு இது. ஆனால் செலவுதான்.

ரிப்பேர், டயர்: யூஜே கிராஸ், வீல் பேரிங், ஸ்பிரிங் பிளேட், பிரேக் என மலை ரோட்டில் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். மாசம் 3,000 என்று வைத்தால் வருஷம் 36,000. டயருக்கு வருஷம் 6,000 தனியாக ஒதுக்குங்கள்.

கூட்டிப் பாருங்க: 2,000 + 10,000 + 40,000 + 30,000 + 36,000 + 6,000 = ரூ.1,24,000. சாவி போடுறதுக்கு முன்னாடியே இவ்வளவு.

இப்போ நடைக் கணக்கு

வாடகை ஜீப் ஒரு நடைக்கு 1,500 என்று எடுத்துக்கொள்வோம். சொந்த வண்டியில் அதே நடைக்கு டீசல் 400. அப்பாவே ஓட்டுவார், டிரைவர் சம்பளம் இல்லை. ஆக, ஒரு நடைக்கு மிச்சம் 1,100.

1,24,000ஐ 1,100ஆல் வகுத்தால் 113 வரும். வருஷத்துக்கு 113 நடைக்குக் கீழே ஓடினால் வாடகை லாபம். மேலே போனால் சொந்த வண்டி லாபம்.

60 நடை ஓடினால்: வாடகை 90,000. சொந்தம் 1,48,000. ஒரு நடைக்கு 2,467 விழுது.

150 நடை ஓடினால்: வாடகை 2,25,000. சொந்தம் 1,84,000. ஒரு நடைக்கு 1,227தான். வருஷம் 41,000 மிச்சம்.

அதே வண்டி, அதே ரோடு. நடை மட்டும்தான் மாறியிருக்கு.

இது உதாரணக் கணக்கு. உங்க ஊர் வாடகை, உங்க டீசல் செலவைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வரியை மட்டும் மறக்காமல் சேருங்கள்: வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள். காபி அறுவடை நேரத்தில் பத்து நாள் நின்றால், அந்தப் பத்து நாளும் வாடகை ஜீப்தான். அது 15,000 கூடுதல்.

லோன் போட்டால்?

4,30,000 பர்சனல் லோன், 14% வட்டி, மூன்று வருஷம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 14,700. மொத்த வட்டி மட்டும் 99,000 பக்கம் வரும். 45,000 சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்ட போயிடும். வண்டி பட்டறையில் நின்னாலும் இ.எம்.ஐ. நிற்காது. புது கார் மாதிரி கம்பெனி வாரண்டியும் இல்லை. லோனும் ரிப்பேரும் ஒரே மாசத்தில் வந்தால் அடுத்து கை நீள்வது கிரெடிட் கார்டுக்குத்தான்.

"மீதி நாள் வாடகைக்கு விட்டுக்கலாமே?"

113 நடை வரலைன்னா உடனே எல்லாரும் சொல்ற யோசனை இது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களை ஏத்திக்கிட்டுப் போய் ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கலாம். இங்கேதான் பெரிய குழி இருக்கு.

வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. அதற்கு மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., வேறு இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் ரூ.10,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதை விடப் பெரிய ஆபத்து மலையில் ஒரு விபத்து நடந்தால் வரும். பாலிசி சொந்த உபயோகத்துக்கு, ஏற்றியது வாடகைக்கு என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அல்லது நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்பக் கேட்கலாம். ஆளுக்கு 50 ரூபாய் வாங்கப் போய், பல லட்சம் பொறுப்பு தலையில் விழும். வருமானம் சேர்க்கிற வழியா இதை எண்ணவே வேண்டாம்.

வாங்கித்தான் ஆகணும்னா

ஒண்ணு, அது உண்மையிலேயே ஃபோர் வீலா பாருங்க. ஜீப் மாதிரி இருக்கிறதெல்லாம் ஃபோர் வீல் இல்லை. மஹிந்திராவின் பழைய மாடல்கள் பலவும் பின்சக்கர இழுவையிலும் விற்றிருக்கின்றன. கீழே குனிந்து பாருங்கள். பின் அச்சில் இருக்கிற மாதிரி முன் அச்சிலும் டிஃபரன்ஷியல் உருண்டையும், அதுக்கு வர்ற ஷாஃப்டும் இருக்கணும். அப்புறம் லோ கியர் போட்டு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

இரண்டு, சேஸி. இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம். துருப்பிடித்த சேஸியில் பணம் போட்டுக்கொண்டே இருக்கணும். பெயின்ட் புதுசா பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க.

மூன்று, முன் பின் அச்சு ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கு.

நான்கு, பேப்பர். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்கணும். பழைய ஜீப்பில் இன்ஜின் மாற்றியிருப்பது சகஜம். அது ஆர்.சி.யில் ஏறியிருக்கா என்பதுதான் விஷயம். எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ், ஆர்.சி. காலாவதி, லோன் பாக்கி மூன்றையும் பாருங்கள். வெளி மாநில வண்டி மலிவா வருதுன்னா, என்.ஓ.சி.யும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வாங்கின பிறகு ஒரு விஷயம். இந்த மாதிரி பழைய ஜீப்பில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றும். மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுக்க கியரிலும் யூஜே கிராஸிலும் இறங்கும். மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் போட்டு, முடிகிற இடத்தில் எடுத்துவிட்டாலே ரிப்பேர் பில் குறையும்.

வரி பற்றியும் கேட்கிறார்கள். சம்பள வருமானத்தில் இருந்து வண்டித் தேய்மானத்தைக் கழிக்க முடியாது. தொழில் வருமானம் காட்டுகிறவர், தொழிலுக்கு ஓட்டும் காருக்கு வருஷம் 15% தேய்மானம் கழிக்கலாம். "வரி மிச்சமாகும்" என்று யாராவது சொன்னால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு என் பதில்

போன வருஷம் எத்தனை நடைன்னு கேட்டேன். அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து, "அறுபது இருக்கும்ணா" என்றார். அப்போ இந்த வருஷம் வாங்க வேண்டாம். வாடகை ஜீப்பே போகட்டும். இ.எம்.ஐ. கட்டத் தயாரா இருந்த அதே 14,700ஐ மாசாமாசம் ஆர்.டி.யில் போடுங்க. முப்பது மாசத்தில், வட்டியைச் சேர்க்காமலேயே 4,41,000 கையில் இருக்கும். அன்றைக்கு நடை கூடியிருந்தால், கடனே இல்லாமல் வாங்கலாம்.

அவர் இன்னொண்ணும் கேட்டார். "ராத்திரி நேரத்துல அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, வாடகை ஜீப் வருமாண்ணா?" நியாயமான கேள்வி. இதற்கு எக்செல் ஷீட்டில் பதில் இல்லை. ஆனால் அந்த நிம்மதியின் விலை தெரியும். 60 நடைக் கணக்குப்படி, அது வருஷத்துக்கு 58,000 ரூபாய். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, "சரி, இந்த 58,000 அப்பாவுக்காக" என்று தெரிந்தே முடிவெடுத்தால், அது தப்பான முடிவே இல்லை. "வாடகை மிச்சமாகும்"னு நினைத்துக்கொண்டு வாங்குவதுதான் தப்பு.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. அப்பாகிட்ட ஒரு சின்ன நோட்டு கொடுங்க. ஒவ்வொரு நடைக்கும் தேதி, வாடகை, என்ன ஏற்றினோம், மூணு மட்டும் எழுதச் சொல்லுங்க. ஒரு அறுவடை முடியட்டும். வாங்கலாமா வேண்டாமான்னு அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிடலாம்.