தண்ணீர் குடித்தால் உபவாசம் முறிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் மாத்திரை. மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது. லெந்து நாட்களில் எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம். போன வாரம் பன்னிரண்டு மணிக்குப் படபடப்பாக வந்ததால் வெளியே போய் இரண்டு பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "தண்ணி குடிச்சாலே உபவாசம் முறிஞ்சிரும், பிறகு ஜெபம் எப்படிக் கேட்கப்படும்?" என்றார்கள். மகள் காரியம் என்னால்தான் தடைபடுகிறதா?

– ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை, அம்மா. உங்கள் மகளின் கல்யாணத்துக்கும் அந்த இரண்டு பிஸ்கட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று நீங்கள் செய்ததுதான் சரி.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், முழங்காலில் இருந்த ஓர் அம்மாவுக்கு மதியத்துக்கு மேல் கை நடுங்கியது. ரவிக்கை நனையும்படி வேர்த்தது, பேச்சும் குழறியது. ஆவியின் கிரியை என்று நினைத்து நாங்கள் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தோம். பின்வரிசையில் இருந்த நர்ஸ் ஒருவர் எங்களை விலக்கிக்கொண்டு வந்து, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். சர்க்கரை மாத்திரை சிலவற்றையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜெபம் நடத்துகிறவன் இதை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். எஸ்தர் மூன்று நாள் தண்ணீரும் குடிக்காமல் இருந்தாள். தானியேலோ மூன்று வாரம் ருசியான சாப்பாட்டையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டும்தான் விட்டிருந்தார். இரண்டில் ஒன்று உசத்தி என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். அதுவும் 18 வயது முடிந்து 59 வயது நிறையாதவர்களுக்கு மட்டும்தான். ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

அந்த அக்காவின் வார்த்தையில் என்னை உறுத்துவது வேறு. உபவாசம் இருந்தால் ஜெபம் கேட்கப்படும், முறிந்தால் கேட்கப்படாது என்றால், அது கர்த்தருக்கு நாம் கொடுக்கும் விலை ஆகிவிடுகிறது. தாவீது தன் பிள்ளைக்காக ராத்திரி முழுவதும் தரையிலே கிடந்து உபவாசம் இருந்தான். ஏழாம் நாள் பிள்ளை செத்துப்போனது. அவன் எழுந்து குளித்து, வேறு உடுத்தி, முதலில் ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான், பிறகுதான் சாப்பிட்டான். கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் அவன் கர்த்தரிடமே போனான். அந்தியோகியா சபையார் ஆராதனை செய்து உபவாசித்தபோது எதையும் கேட்டதாகவே அப்போஸ்தலர் 13-இல் எழுதியிருக்கவில்லை. அவர்களுக்குத்தான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார். வயிறு காலியாக இருக்கிற நேரத்தில் நாம் பேசுவதைக் குறைத்துக் கேட்பதுதான் உபவாசத்தின் சாரம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாசின் மேய்ப்பன்' என்ற நூல், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆம் அம்மா, தண்ணீர் உண்டு. அன்றைக்குச் சாப்பிட்டிருக்கக்கூடிய சாப்பாட்டுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்து, அதை ஒரு விதவைக்கோ அநாதைப் பிள்ளைக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுக்கவும் சொல்கிறது. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்று ஏசாயா 58 கேட்பதும் இதைத்தான். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை உலை வைக்கும்போது தன் பங்கு அரிசியை இரண்டு கையாலும் அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். மாசக் கடைசியில் அந்தப் பானை தெருக்கோடியில் தனியாக இருந்த ஒரு கிழவி வீட்டுக்குப் போகும். உபவாசம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த அரிசி விழுகிற சத்தம்தான் ஞாபகம் வரும்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுவிட்டு ஆலயத்துக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். கைப்பையில் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். மதியச் சாப்பாட்டு வேளை வந்தால் கூச்சப்படாமல் எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் உபவாசமாக ஈஸ்டர் வரைக்கும் சீலா மீனை விட்டுவிட்டு, அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள்; யாருக்குக் கொடுப்பது என்று உங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து ஜெபியுங்கள். வரன் தட்டிப்போன ஒவ்வொரு தடவையும் அவளுக்கும் வலித்திருக்கும்.