நினைவகத்தைக் கூட்டிய பின் தோன்றும் வழுக்கள்: பழைய மடிக்கணினியில் பழுது கண்டறிதல்

மாணவர்களே! கணினியின் வன்பொருள் என்னும் அலகில் தற்போக்குப் பெறுவழி நினைவகம் பற்றிக் கற்றுள்ளீர்கள். நாம் சுருக்கமாக றாம் என்று அழைப்பது இதனையே. இது ஓர் அழிதகு நினைவகம். மின் நின்றதும் இதிலுள்ள தரவுகள் அழிந்துவிடும். இவ்வளவையும் எல்லோரும் எழுதுவர். ஆனால், "புதிய நினைவகம் பொருத்திய பின் கணினி சீராக இயங்கவில்லை. காரணங்களைத் தருக" என்று கேட்டால் பலர் "வைரசு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். அவ்விடையை எவ்வாறு ஒழுங்காக எழுதுவது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். வீட்டிலுள்ள பழைய மடிக்கணினிக்கும் இது பயன்படும்.

1. பொருத்துவதற்கு முன்

நினைவகத்தின் வகை மடிக்கணினியின் தாய்ப்பலகைக்குப் பொருந்த வேண்டும். கீழ்வரும் தரவுகளை மனத்தில் இருத்துங்கள்.

• டீ.டீ.ஆர். 2 – 200 ஊசிகள், 1.8 வோல்ற்று
• டீ.டீ.ஆர். 3 – 204 ஊசிகள், 1.5 வோல்ற்று
• டீ.டீ.ஆர். 4 – 260 ஊசிகள், 1.2 வோல்ற்று

(ஊசிகளின் எண்ணிக்கை மடிக்கணினிக்குரிய சிறிய நினைவக அட்டைகளுக்கானது.) இவை ஒவ்வொன்றிலும் வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் செருகுவாயில் பொருத்த முடியாது. வலிந்து அழுத்தினால் செருகுவாய் உடையும்.

கவனிக்க: டீ.டீ.ஆர். 3 வகையில் 1.35 வோல்ற்றில் இயங்கும் அட்டையும் உண்டு. அதன் வெட்டுப்பள்ளம் 1.5 வோல்ற்று அட்டையில் உள்ள இடத்திலேயே இருக்கும். எனவே செருகுவாயில் இறங்கியது என்பதனால் மட்டும் அது பொருத்தமான அட்டை என்று கொள்ளக்கூடாது. 1.35 வோல்ற்றை மட்டும் வழங்கும் மடிக்கணினி, 1.5 வோல்ற்று அட்டையுடன் தொடங்காமலும் போகலாம்.

வேலையைத் தொடங்குமுன் முக்கிய கோப்புகளைப் பிரதி எடுங்கள். கணினியை உறக்க நிலையில் விடாது முற்றாக நிறுத்துங்கள். மின்னிணைப்பையும் பற்றறியையும் அகற்றுங்கள். உடலில் உள்ள நிலைமின்னை நீக்க ஓர் உலோகப் பரப்பைத் தொட்டபின் அட்டையை ஓரங்களில் பிடியுங்கள்.

2. அறிகுறியும் காரணமும்

(அ) திரை இருளாக இருத்தல், பீப் ஒலி எழுதல்

கணினி தொடங்கும்போது பயோஸ் வன்பொருளைச் சோதிக்கிறது. அப்போது நினைவகம் கண்டறியப்படாவிட்டால் திரையில் எதுவும் தோன்றாது. ஒலியின் எண்ணிக்கைக்குரிய பொருள் உற்பத்தியாளருக்கு ஏற்ப வேறுபடும். அட்டை முழுமையாக இறங்காமை, பொருந்தாத வகை, பழுதான அட்டை ஆகியன இதற்கான பிரதான காரணங்களாகும். முதலில் அட்டையைக் கழற்றி, சாய்வாகச் செருகி, இருபுறக் கொளுவிகளும் பூட்டும்வரை கீழே அழுத்துங்கள். பல வேளைகளில் இதுவே போதும்.

(ஆ) நினைவகம் குறைவாகக் காட்டப்படுதல்

இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 32 பிற்று முகவரியால் குறிக்கத்தக்க இடங்களின் எண்ணிக்கையைக் கணிப்போம்.

2 இன் 32 ஆம் அடுக்கு = 4,294,967,296 பைற்று = 4 கிகாபைற்று

இம்முகவரிகளில் ஒரு பகுதி காட்சி அட்டை போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கப்படும். ஆகவே 32 பிற்று விண்டோஸ் 7 இல் 6 கிகாபைற்று பொருத்தினாலும் ஏறத்தாழ 3 முதல் 3.5 கிகாபைற்றே பயன்பாட்டுக்குக் கிடைக்கும். 64 பிற்று பணிசெயல் முறைமை இத்தடையை நீக்கும். ஆனால் மத்திய முறைவழி அலகும் 64 பிற்றுக்கு உரியதாக இருக்க வேண்டும். தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவையும் கைநூலில் பார்க்க வேண்டும். (விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவை மைக்ரோசொவ்ற் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எனினும் பழைய மடிக்கணினிகளில் இதனை இன்றும் காணலாம்.)

(இ) நீலத்திரை, திடீர் மீள்தொடக்கம், கோப்புகள் சிதைதல்

மூன்றிலும் ஆபத்தானது இதுவே. நீங்கள் தட்டெழுதும் கட்டுரை முதலில் நினைவகத்தில் இருந்து, பின்னரே வன்தட்டில் சேமிக்கப்படுகிறது. நினைவகத்தில் ஒரு பிற்று 0 இலிருந்து 1 ஆக மாறினால் அந்தப் பிழையே வன்தட்டிலும் பதியும். எந்த எச்சரிக்கையும் வராது. கோப்பைத் திறக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

இந்நிலையில் பணிசெயல் முறைமையை மீள நிறுவுவது பயன் தராது. பழுதான நினைவகத்தின் ஊடாக நிறுவப்படும் கோப்புகளும் சிதையலாம். ஆகவே முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள். மீள நிறுவுவதைப் பின்னர் தீர்மானியுங்கள்.

3. ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டறியும் முறை

விதி ஒன்றுதான்: ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. இரண்டை ஒருமிக்க மாற்றினால் எதனால் சரியானது என்று கூற முடியாது.

சோதனை 1: பழைய அட்டையை மட்டும் அதன் பழைய செருகுவாயில் பொருத்துக. வழு தொடர்ந்தால் புதிய அட்டை மீது பழி சுமத்த வேண்டாம். கணினியைத் திறந்தபோது ஏதேனும் இணைப்பு தளர்ந்ததா எனப் பார்க்க.

சோதனை 2: அதே செருகுவாயில் புதிய அட்டையை மட்டும் பொருத்துக. இப்போது மட்டும் வழு வந்தால் புதிய அட்டை பழுதானது அல்லது பொருந்தாதது.

சோதனை 3: நல்லதென அறிந்த அட்டையை மற்றைய செருகுவாயில் பொருத்துக. வழு வந்தால் அச்செருகுவாயில் ஐயம் கொள்க. (சில மடிக்கணினிகள் முதலாம் செருகுவாய் வெறுமையாக இருந்தால் தொடங்கா. கைநூலைப் பார்த்தே முடிவு செய்க.)

சோதனை 4: தனித்தனியே சரியாக இயங்கும் அட்டைகள் சேர்ந்திருக்கும்போது மட்டும் வழு வந்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை எனக் கொள்க. வேறுபட்ட வேக அட்டைகள் சேர்ந்தால் பொதுவாக மெதுவான அட்டையின் வேகத்திலேயே இரண்டும் இயங்கும். ஆனால் எல்லாச் சோடிகளும் அவ்வாறு இணங்குவதில்லை.

ஒவ்வொரு சோதனையின்போதும் விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் என்னும் பயன்பாட்டை இயக்குக. இது விண்டோஸ் விஸ்ரா முதலான பதிப்புகளில் உண்டு. முடிவுகளைத் தாளில் குறித்துக்கொள்க. உத்தரவாதக் காலத்தினுள் அட்டையை மாற்றக் கடைக்குச் செல்லும்போது, "பழுது" என்று வாயால் சொல்வதைவிட அத்தாள் வலிமையானது. வீட்டார் கொடுத்த பணமும் வீணாகாது.

4. மாதிரி வினாவும் விடையும்

வினா: 2 கிகாபைற்று நினைவகமுள்ள தன் மடிக்கணினியில் ஒரு மாணவி மேலும் 4 கிகாபைற்று பொருத்தினாள். 32 பிற்று பணிசெயல் முறைமை ஏறத்தாழ 3.2 கிகாபைற்றே பயன்படுத்தத்தக்கது எனக் காட்டுகிறது. பயோஸ் திரை 6 கிகாபைற்று எனக் காட்டுகிறது. புதிய அட்டை பழுதானதா? காரணம் தருக.

விடை: பழுதானது எனக் கூற ஆதாரம் இல்லை. பயோஸ் முழு அளவையும் கண்டறிந்துள்ளது. 32 பிற்று முகவரியின் எல்லை 4 கிகாபைற்று என்பதாலும், அதில் ஒரு பகுதி சாதனங்களுக்கு ஒதுக்கப்படுவதாலும் இவ்வாறு காட்டுகிறது. வன்பொருள் ஏற்குமாயின் 64 பிற்று பணிசெயல் முறைமையை நிறுவலாம். அதற்கு முன் தரவுகளைப் பிரதி எடுக்க வேண்டும்.

"இல்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பயோஸ் காட்டிய அளவை ஆதாரமாகக் காட்டுவதே இவ்விடையின் உயிர்.

பயிற்சி: பழைய அட்டை தனியாக இயங்குகிறது. புதிய அட்டையும் அதே செருகுவாயில் தனியாக இயங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் நீலத்திரை வருகிறது. இருக்கத்தக்க காரணங்கள் இரண்டைக் கூறி, அவற்றுள் எது சரியென அறிய அடுத்துச் செய்ய வேண்டிய சோதனையையும் எழுதுக. (குறிப்பு: 3 ஆம், 4 ஆம் சோதனைகளை மீண்டும் வாசிக்க.)