பட்டம் முடியும் முன்பே எம்.எஸ்சி. சேரலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாம் பருவம் முடிந்துவிட்டது. மூன்றாம் பருவத்துத் துணைப்பாடக் கணிதத்தில் ஓர் அரியர் இருக்கிறது. நவம்பரிலும் எழுதினேன், போய்விட்டது. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். நான் சீக்கிரம் படித்து முடித்தால் நல்லது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அத்தை வழியில் உறவினர் ஒருவர் தொலைநிலைக் கல்விக்கு ஆள் சேர்த்துவிடுகிறார். “இப்போ ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு கவர்ன்மென்டே சொல்லிடுச்சு. ஜனவரி பேட்ச்ல எம்.எஸ்சி. போட்டுடலாம், டிகிரி சர்டிபிகேட்டை அப்புறமா குடுத்துக்கலாம். ஒரு வருஷம் மிச்சம்” என்கிறார். 18,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா ஐயா? கூடாது என்றால், நேரத்தை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறதா?
– இறுதியாண்டு மாணவி (பெயர் வேண்டாம்)

பதில்: சேராதீர்கள். பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் உறவினர் சொல்லும் விதி இருப்பது உண்மைதான். 2022 ஏப்ரல் 13 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, வெளியிட்ட வழிகாட்டுதல் அது. இரண்டு படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்கலாம். இரண்டும் நேரடிக் கல்லூரிப் படிப்பு என்றால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. ஒன்று கல்லூரியிலும் இன்னொன்று தொலைநிலையிலோ ஆன்லைனிலோ இருக்கலாம். இரண்டுமே தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றாலும் சரி. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மட்டும் இது கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பே அப்படிப் படித்தவர்களின் பட்டமும் விதிமுறைப்படி இருந்தால் செல்லும் என்று 2025-ல் திருத்தமும் வந்துவிட்டது.

ஆக, நீங்கள் பி.எஸ்சி. படித்துக்கொண்டே தொலைநிலையில் பி.ஏ. தமிழ் படிக்கலாம், ஒரு டிப்ளமோ படிக்கலாம். ஆனால் எம்.எஸ்சி. படிக்க முடியாது. இரண்டு படிப்பு படிக்கலாம் என்றால், இரண்டுக்கும் உரிய சேர்க்கைத் தகுதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எம்.எஸ்சி.க்குத் தகுதி, முடித்த இளநிலைப் பட்டம். அந்த வழிகாட்டுதல் இதைத் தளர்த்தவே இல்லை.

இது இன்று நேற்று வந்த கண்டிப்பும் அல்ல. மூன்றாண்டு முதல் பட்டத்தை முடிக்காதவர் முதுகலையில் சேரத் தகுதியில்லை என்று யுஜிசியின் 1985-ம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. ஒரு காலத்தில் நம் ஊர்ப் பக்கம் திறந்தநிலை முறையில், இளநிலைப் பட்டமே இல்லாமல் நேரடியாக எம்.ஏ. கொடுத்தார்கள். அப்படி வாங்கிய ஒரு பட்டம் தொடர்பான வழக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவிக்கு வந்தவருக்கு எதிராகத்தான் 2009-ல் தீர்ப்பு வந்தது. முதல் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது. பல்கலைக்கழகம் பெரியது, சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை.

“நான்தான் சில மாதங்களில் பி.எஸ்சி.யை முடித்துவிடுவேனே, சான்றிதழ் இல்லாமலா போய்விடும்?” என்று கேட்பீர்கள். வரும். சிக்கல் அதில் அச்சாகும் மாதத்தில் இருக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு கல்லூரியின் ஆசிரியர் நியமனத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையன் வந்தான். நீல நிற ஃபைல், ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், வரிசை மாறாமல். எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண், அதற்கு மேல் எம்.ஃபில். வேறு. எங்கள் கண்காணிப்பாளர் அவனுடைய இளநிலை ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். ஏப்ரல், நவம்பர், ஏப்ரல் என்று தேறிய மாதங்கள் ஒழுங்காக வந்தன. ஒரே ஒரு தாளுக்கு நேரே மட்டும் ‘நவம்பர் 2013’. எம்.எஸ்சி. சேர்க்கை ஜூலை 2013. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஃபைலை என் பக்கம் திருப்பினார். பையனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவே ஐந்து நிமிடம் ஆனது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அரியர் இருக்கும்போதே சேர்த்துக்கொண்டார்கள், பிறகு எழுதித் தேறினான், பட்டமும் கொடுத்தார்கள். நான்கு மாத அவசரம், இரண்டாண்டு முதுகலையைத் தகுதியற்றதாக்கிவிட்டது. அதன்மேல் கட்டிய எம்.ஃபில்.லும் போயிற்று.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏப்ரலில் இறுதித் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் முதுகலையில் தற்காலிகமாகச் சேர்வது வேறு. அது முறையானதுதான், ஊரெங்கும் நடக்கிறது. மதிப்பெண் பட்டியல் ஆகஸ்டில் கைக்கு வந்தாலும் தேறிய மாதம் ஏப்ரல் என்றுதான் அதில் இருக்கும். சேர்க்கை அதற்குப் பின்னால் வருகிறது. அவ்வளவுதான் வேண்டியது. உங்கள் உறவினர் சொல்வது ஜனவரிச் சேர்க்கை. அது உங்கள் ஏப்ரலுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மிச்சமாகும் அந்த ‘ஒரு வருஷத்தை’யும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைநிலையில் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. எப்படிச் சேர்ந்தாலும் எம்.எஸ்சி. இரண்டாண்டு. ஜனவரியில் சேர்ந்தால் ஜூலையில் சேர்வதைவிட ஆறு மாதம் முன்னதாக முடியும். ஒரு வருஷம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். எந்த மையத்துக்காக ஆள் சேர்க்கிறார் என்றும் கேளுங்கள்; யுஜிசி விதிப்படி தொலைநிலைக் கல்வி மையத்தைத் தனியாருக்குக் குத்தகைபோல் விடக் கூடாது. தொலைநிலையில் எப்போதாவது சேர்வதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். 2024 முதல் மாணவர் அந்தத் தளத்தில் தாமே பதிந்து ஓர் அடையாள எண் வாங்கியாக வேண்டும். அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. இயற்பியலுக்குச் செய்முறை வகுப்பு எங்கே, எத்தனை நாள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆய்வகத்தைத் தபாலில் அனுப்ப முடியாது.

பட்டத்தை முடிப்பதற்குள் முதுகலையைத் தொடங்குவது உலகில் நடக்காத காரியம் இல்லை. ஜெர்மனியில் இளநிலையின் பெரும்பகுதியை முடித்து ஆய்வேடோ ஓரிரு தாளோ மட்டும் மீதி வைத்திருப்பவரை, குறிப்பிட்ட கெடுவுக்குள் பட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பல பல்கலைக்கழகங்கள் முதுகலையில் சேர்க்கின்றன. அமெரிக்காவில் நாலும் ஒன்றும் என்று ஒரு முறை உண்டு. இளநிலையின் கடைசி ஆண்டுகளிலேயே முதுகலைத் தாள்கள் சிலவற்றை எடுக்கலாம், சில தாள்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும், ஐந்தாண்டில் இரண்டும் கையில். ஸ்டான்ஃபோர்டில் இதற்கு ‘கோடெர்ம்’ என்று செல்லப்பெயரே இருக்கிறது. நம் பக்கத்தில் சென்னை ஐஐடியில் பி.டெக். சேர்ந்தவர் பாதியில் இரட்டைப் பட்டத்துக்கு மாறி, ஐந்தாண்டில் எம்.டெக்.கோடு வெளியே வரலாம். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்களும் இருக்கின்றன. இங்கெல்லாம் அந்தப் பல்கலைக்கழகம் தன் விதிப்புத்தகத்திலேயே எழுதிவைத்து, இரண்டு படிப்புக்கும் தானே பொறுப்பேற்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி., அதற்குத் தெரியாமல் இன்னொன்றில் எம்.எஸ்சி. என்பது அதில் சேராது. பி.எஸ்சி.யையே ஒரு பருவம் முன்னதாக முடிக்கும் துரித முறையை யுஜிசி அண்மையில் அனுமதித்திருக்கிறது. ஆனால் அதை முதல் இரண்டு பருவங்களுக்குள் தீர்மானித்திருக்க வேண்டும். ஆறாம் பருவத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பேருந்து போய்விட்டது.

இனி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எம்.எஸ்சி. இயற்பியல் முதல் பருவத்தில் பிள்ளைகள் எந்தத் தாளில் விழுகிறார்கள் தெரியுமா? எல்லாக் கல்லூரியிலும் ஒரே பதில்தான்: கணித இயற்பியல். அடுத்தது மரபு இயக்கவியல். வகைக்கெழுச் சமன்பாடு, ஃபூரியர் தொடர், அணி, வெக்டர் நுண்கணிதம் இவையெல்லாம் கைப்பழக்கமாக வராவிட்டால், வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டாவது வரிக்குப் போகும்போதே கை நின்றுவிடும். இப்போது உங்கள் அரியர் தாளின் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதே தலைப்புகள்தான் இருக்கும். உறவினர் ஜனவரியிலேயே தொடங்கச் சொன்ன எம்.எஸ்சி. உங்கள் அரியர் தாளில்தான் தொடங்குகிறது. 18,000 ரூபாயும் வேண்டாம். தேறினால் போதும் என்று 40 மதிப்பெண்ணுக்குப் படிக்காதீர்கள். பழைய வினாத்தாள் ஐந்தை மனப்பாடம் செய்து எழுதியதால்தான் இதுவரை போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அதற்குத் துணையாக என்பிடெல் பாடம் ஒன்று எடுங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் கணித இயற்பியலோ குவாண்டம் இயக்கவியலோ இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பது இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். வாராந்திரப் பயிற்சிக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒரு பருவத்துத் தாள்களில் 40 சதவீதம் வரை இப்படி, என்பிடெல் பாடங்கள் வரும் ஸ்வயம் தளத்தின் பாடங்களாக எடுக்க யுஜிசி அனுமதித்திருக்கிறது. அதை நாளை உங்கள் எம்.எஸ்சி.யில் கணக்கில் எடுப்பார்களா என்பது சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையில். எடுத்தால் லாபம். எடுக்காவிட்டாலும் படித்தது எங்கும் போகாது. ஒன்றே ஒன்று எடுங்கள். மூன்று எடுத்து மூன்றையும் பாதியில் விடுபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

நுழைவுத் தேர்வுகளை இறுதியாண்டிலேயே எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலைத் தேர்வு மார்ச் வாக்கில் நடக்கும், விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில். இந்த வாரமே பாருங்கள். திருவாரூர், புதுச்சேரி இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இந்த ஆண்டு அது இல்லை. அரசுக் கலைக்கல்லூரிகளுக்கு நம் மாநில இணையவழி விண்ணப்பம் இளநிலைத் தேர்வெல்லாம் முடிந்த பிறகுதான் வரும். அப்பாவின் வருமானத்தைப் பார்த்தால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். கட்டணம் குறைவு, ஆய்வகம் உண்டு.

ஏப்ரலிலும் அந்த ஒரு தாள் மட்டும் நின்றுபோனால்? கடைசி ஆண்டில் ஒரே ஒரு தாள் மிச்சம் இருப்பவர்களுக்கு அதே ஆண்டில் மேற்படிப்பு போக வேண்டும் என்பதற்காகவே சென்னைப் பல்கலைக்கழகம் உடனடித் தேர்வு வைக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் பலவும் வைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இது உண்டா, பழைய பருவத்து அரியருக்கும் பொருந்துமா என்று தேர்வுப் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஓராண்டு நிற்கலாம். ஜாமுக்குப் படியுங்கள், பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுங்கள். அரியரோடு எங்கேயாவது சேர்ந்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஆறாம் பருவத்துக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் அவசரத்தில் அரியர் தாளைச் சேர்க்க மறந்துவிட்டு, நுழைவுச்சீட்டு வந்த பிறகு ஓடிவரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. கட்டணப் படிவத்தில் துணைப்பாடக் கணிதத்தின் தாள் குறியீட்டை எழுதி, கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.