அடுப்படியில் ஒரு திண்ணை

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் தம்பானூரில் இறங்குவார்கள். பேருந்து நிலையத்துக்கு அருகே உருண்டையான ஒரு கட்டடம் தெரியும். செங்கல் நிறத்தில், திருகு போலச் சுற்றி மேலே ஏறும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ்.

உள்ளே சரிவான பாதை சுற்றிச் சுற்றிப் போகிறது. அதன் ஓரமாக மேசையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. சுவரெங்கும் சிறு துளைகள். அவற்றின் வழியே காற்று வரும். வெயில் பொட்டுப் பொட்டாக விழும்.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்தவர். பக்கத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. பேக்கர் அதைப் பின்பற்றினார். பின்னாளில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் ஏராளமான வீடுகள் கட்டினார். 2007-இல் காலமானார்.

அவர் கையாண்ட முறைகள் காபிக் கடைக்கு மட்டும்தானா? இல்லை. சமையலறைக்குத்தான் அவை அதிகம் தேவை.

பல வீடுகளில் கூடத்துக்கு நல்ல வண்ணம் அடிக்கிறார்கள். விருந்தாளி வருவார் அல்லவா! சமையலறையோ பின்பக்கம், இருட்டு மூலையில். சுவரெல்லாம் கரி. வீட்டுப் பெண் நாளில் பாதி நேரம் அங்கேதான் தனியாக நிற்கிறாள். விறகுப் புகையில் அவள் கண் எரிகிறது. இடுப்பில் இருக்கும் குழந்தை இருமுகிறது. இது சின்ன விஷயம் அல்ல. 2020-இல் மட்டும் வீட்டுக்குள் சேரும் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

புகை போக வழி செய்வதே முதல் வேலை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-களில் புகைபோக்கி வைத்த அடுப்பை வீடு வீடாகக் கொண்டு சென்றது. அதில் விறகும் குறைவாகவே செலவாகும். காஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் காற்று வேண்டும். காஸ் கசிந்தால் கீழேதான் தங்கும். எனவே தரையை ஒட்டியும் ஒரு துளை வேண்டும். எலி நுழையாமல் கம்பிவலை வையுங்கள்.

அடுப்புக்கு மேலே, சுவரில் செங்கல்களை இடைவெளி விட்டு அடுக்கலாம். இதற்கு ஜாலி என்று பெயர். சாரல் அடிக்கும் பக்கமானால் கூரையை நீட்டி இறக்க வேண்டும்.

இனி வண்ணம். பேக்கர் முறையில் சுவருக்குள் பச்சை, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளைப் படுக்க வைத்துச் சாந்து பூசுவார்கள். வெயில் பட்டால் விளக்கு ஏற்றியது போல இருக்கும். காலிப் புட்டிக்கு ஒரு நல்ல வேலை! மற்ற சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும். அது வெளிச்சத்தைத் திருப்பித் தரும். சிமெண்டில் சிவப்புக் காவிப் பொடி கலந்தால் தரை பளபளக்கும். ஈரம் பட்டால் வழுக்கும், கவனம்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு திண்ணை கட்டுங்கள். நாலு வரிசைச் செங்கல் போதும். செலவு குறைவு, பயன் பெரிது. பிள்ளை அதில் உட்கார்ந்து பாடம் படிக்கும். பாட்டி கீரை ஆய்வாள். வேலை விட்டு வந்தவர் அங்கேயே உட்கார்ந்து தேங்காய் துருவட்டுமே!

செய்து பாருங்கள்: உங்கள் சமையலறையை ஒரு தாளில் வரையுங்கள். அடுப்பு எங்கே? காலை வெயில் எந்தப் பக்கம் வருகிறது? திண்ணைக்கு எங்கே இடம் இருக்கிறது? சமைக்கிறவரிடம் கேட்டு எழுதுங்கள்.