விலைப்பட்டியலை அளந்து படிப்போம்

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவரின் மகள் அருகில் வந்து, "மாமா, ஒரு கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றாள். முகத்தில் விழாக்களை இல்லை. வீட்டிலிருந்தபடியே வலைத்தளங்கள் அமைத்துக் கொடுக்கும் தொழில் அவளுடையது. இத்வாரி துணிக்கடை, தர்மபேட் பல் மருத்துவர், பரதநாட்டிய வகுப்பு நடத்தும் நம் சங்கத்து அம்மையார் என்று பன்னிரண்டு வாடிக்கையாளர்கள். அந்தச் சிறு தொழில் ஒரே மாதத்தில் நஷ்டத்தில் போய் நிற்கிறது என்றாள்.

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எனக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம். ஆனால் கட்டண அட்டவணை எனக்குப் புதிதல்ல. நம் குடும்பங்களில் இன்று பல பிள்ளைகள் சுயமாகவோ, நாலைந்து பேர் சேர்ந்து ஏஜென்சியாகவோ இத்தொழில் செய்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு முதல் போட்ட பெற்றோருக்கும் பயன்படும் என்று, அன்று நாங்கள் போட்ட கணக்கைப் பாடமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

அவள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வலைத்தள மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டி வந்தாள். வரி உட்பட ரூ.16,000. எத்தனை தளம் வேண்டுமானாலும் அமைக்கலாம் என்பது அன்றைய திட்டம். பிறகு நிறுவனம் திட்டத்தை மாற்றியது. தளங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை. ஆனால் பழைய சந்தாதாரர் விடாமல் புதுப்பித்து வந்தால் பழைய விலையே தொடரும் என்று கடிதமும் அனுப்பியது. "நமக்கு ஒன்றுமில்லை" என்று இவளும் இருந்துவிட்டாள்.

இங்கேதான் வினை வந்தது. நம் ரிசர்வ் வங்கி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு 2021 அக்டோபர் 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகை என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. போன்ற கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். முதலில் ரூ.5,000 ஆக இருந்த அந்த வரம்பு 2022 ஜூனில் பொதுவாக ரூ.15,000 ஆக்கப்பட்டது. இவளுடைய சந்தாவோ ரூ.16,000. புதுப்பிக்கும் நாளில் இவள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். வங்கியின் குறுஞ்செய்தியை ஏதோ மோசடிச் செய்தி என்று எண்ணி ஒதுக்கிவிட்டாள். பணம் போகவில்லை. சந்தா அறுந்தது. திரும்பி வந்து கட்டப் போனால், "தொடர்ச்சி விட்டுப் போய்விட்டது, புதிய விலைதான்" என்று பதில்.

வங்கியும் நிறுவனமும் தத்தம் விதிப்படிதான் நடந்தன. ஆனால் இரண்டு விதிகளும் சேரும் இடத்தில் இவளுடைய தொழில் அகப்பட்டுக் கொண்டது.

இது புதிய கதை அல்ல

விலை முறை மாறுவது இத்துறையில் திரும்பத் திரும்ப நடப்பது. 2004 மே மாதம் மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளின் 3.0 பதிப்பு வந்தபோது, எழுதுவோர் எண்ணிக்கை, வலைப்பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு விலை வைத்தார்கள். மனம் கசந்த பலர், 2003இல் வெளிவந்து இலவசமாகக் கிடைத்துக் கொண்டிருந்த வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினார்கள். வேர்ட்பிரஸ் பெரிய அளவில் வளர அதுவும் ஒரு காரணம்.

2013 மே மாதம் அடோபி நிறுவனம், தன் கிரியேட்டிவ் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனி ஒரே தடவை பணம் கட்டி வாங்க முடியாது, சந்தாதான் என்று அறிவித்தது. அதே நிறுவனத்தின் மியூஸ் என்ற வலைத்தள மென்பொருளை இனி வளர்க்கப் போவதில்லை என்று 2018 மார்ச்சில் கூறி, 2020 மார்ச்சில் ஆதரவையும் நிறுத்தியது. விலை ஏறுவது ஒரு வகை ஆபத்து. பொருளே நின்றுபோவது இன்னொரு வகை.

சர்வர்களை நிர்வகிக்கும் சிபேனல் மென்பொருளுக்கு முன்பு சர்வர் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை. 2019 ஜூனில் அறிவித்து, செப்டம்பர் 1 முதல் அந்தச் சர்வரில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு விலை என்று மாற்றினார்கள். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சிறு வாடிக்கையாளர்களை வைத்திருந்தவர்களுக்கு அது பேரிடி.

2021 மார்ச்சில் எலிமென்டர் புரோ, 199 டாலருக்கு 1,000 தளங்கள் என்றிருந்த திட்டத்தைப் புதிதாகச் சேர்வோருக்கு 25 தளங்கள் என்று குறைத்தது. 1,000 தளங்கள் வேண்டுவோருக்கு 999 டாலர். பழைய சந்தாதாரர்களுக்குப் பழைய அளவு தொடர்ந்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரம் தளம் வைத்திருப்பவர் கேட்கும் உதவியும் ஒரு தளம் வைத்திருப்பவர் கேட்கும் உதவியும் ஒன்றல்லவே. மலிவு விலையில் ஆட்களைச் சேர்த்து, பிறகு செலவுக்குத் தக்க விலை வைப்பது வியாபாரத்தில் உள்ளதுதான். நாம் கவனிக்க வேண்டியது, எந்த அளவுகோல் மாறியது என்பதை.

அளவுகோல்கள் ஐந்து

ரயில்வேயில் சரக்குக் கட்டணம் கேட்டு வருபவரிடம் முதலில் நாங்கள் கேட்பது, "எடைக்கா, வேகனுக்கா?" என்பது. அதைப் போலவே எந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலும், ரூபாயைப் பார்க்கும் முன் எதற்கு ரூபாய் என்று பாருங்கள்.

1. தளத்திற்கு விலை. பத்துத் தளத் திட்டம் வாங்கி ஆறு மட்டும் பயன்படுத்தினாலும் பத்துக்கும் பணம் கொடுக்கிறோம். வேகனை அரைகுறையாக நிரப்பினாலும் அதற்குரிய எடைக்கு வாடகை கட்டுவது போல.

2. ஆளுக்கு விலை. மென்பொருளில் நுழைந்து வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஓர் 'இருக்கை'. தனி ஆளாக இருப்பவருக்கு இது உறைக்காது. இருவரை வேலைக்கு வைத்துக் கொண்டு ஏஜென்சியாகும் அன்றுதான் தெரியும்.

3. பயன்பாட்டிற்கு விலை. தளத்தைப் பார்க்க வருவோரால் செலவாகும் பேண்ட்வித், நிரப்பப்படும் படிவங்கள், வைக்கும் படங்களின் அளவு ஆகியவற்றுக்கு ஒரு வரம்பு. தாண்டினால் கூடுதல் கட்டணம். சரக்கை இறக்க இலவச நேரம் கொடுத்து, அது கடந்தால் டெமரேஜ் போடுகிறோமே, அதே முறை. தீபாவளித் தள்ளுபடியில் துணிக்கடைத் தளத்திற்குக் கூட்டம் வந்தால் கடைக்காரருக்கு லாபம். பில் மட்டும் தளம் அமைத்தவர் தலையில் விழும்.

4. வசதிக்கு விலை. நேற்று அடிப்படைத் திட்டத்தில் இருந்த ஒரு வசதியை இன்று மேல் திட்டத்திற்கு நகர்த்திவிடுவார்கள். விலை மாறாதது போலத் தோன்றும். வாங்கும் பொருள் சுருங்கியிருக்கும்.

5. அடுக்கு விலை. வெப்ஃப்ளோ போன்றவற்றில் தளத்திற்கு ஒரு திட்டம், அதை அமைக்கும் பணியிடத்திற்கு வேறொரு திட்டம். பயணச்சீட்டில் அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், அதிவேக வண்டிக் கட்டணம் என்று தனித்தனியே இருப்பது போல. கூட்டிப் பார்க்காமல் மலிவு என்று முடிவு செய்யக் கூடாது.

இவற்றோடு மூன்று சிறு எழுத்துச் சங்கதிகள் உண்டு. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மாதக் கட்டணம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டுமே கிடைப்பது. முதல் வருட விலையும் புதுப்பிக்கும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. டாலர் விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், கார்டு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் அந்த வரியைத் தாங்களே கட்டி, விதிப்படி வரவு எடுத்துக் கொள்ள முடியும். பதிவு இல்லாத சிறு தொழிலாளிக்கு அது முழுச் செலவு.

இனி கணக்கு

பன்னிரண்டு வாடிக்கையாளர்கள், ஆளுக்கு வருடம் ரூ.5,000, மொத்த வரவு ரூ.60,000. டொமைன், ஹோஸ்டிங் செலவு ஒரு தளத்திற்கு ரூ.1,500 வீதம் ரூ.18,000. பழைய சந்தா ரூ.16,000. கையில் நின்றது ரூ.26,000.

புதிய பட்டியல், வரி நீங்கலாக: ஒரு தளம் ரூ.3,000, பத்துத் தளம் ரூ.18,000, இருபத்தைந்து தளம் ரூ.40,000. அவள் பதற்றத்தில் போட்டிருந்த கணக்கு, பன்னிரண்டு ஒற்றைத் தளங்கள், ரூ.36,000. வரியோடு ரூ.42,480. ஹோஸ்டிங்கையும் கூட்டினால் ரூ.60,480. வரவைவிட ரூ.480 அதிகம். வருடம் முழுக்க உழைத்து, மேலும் 480 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அவள் முகம் வாடியதில் வியப்பில்லை.

"இரண்டு திட்டங்களைச் சேர்த்து வாங்க விடுவார்களா?" என்று கேட்டேன். நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டதில், வாங்கலாம் என்று பதில் வந்தது. பத்துத் தளத் திட்டம் ஒன்று, ஒற்றைத் திட்டம் இரண்டு, ஆக ரூ.24,000. வரியோடு ரூ.28,320. ஹோஸ்டிங் சேர்த்து ரூ.46,320. மிச்சம் ரூ.13,680. நஷ்டம் நின்றது, ஆனால் வருமானம் பாதியாகிவிட்டது.

மென்பொருள் செலவு முன்பு தளம் ஒன்றுக்கு ரூ.1,333, இப்போது ரூ.2,360. வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். "இதை வாடிக்கையாளரிடம் கேட்டே ஆக வேண்டும், அம்மா" என்றேன். அவளுக்குத் தயக்கம். "ஐயாயிரத்துக்கு எல்லாம் சேர்த்து என்று நான்தானே சொன்னேன் மாமா, இப்போது எந்த முகத்தோடு கேட்பது?" என்றாள்.

கேட்கும் முகம் கணக்கில் இருக்கிறது. பழைய செலவு, புதிய செலவு, வித்தியாசம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். தன் கவனக்குறைவால் சந்தா அறுந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடச் சொன்னேன். பதினொரு பேர் ஆயிரம் ரூபாய் உயர்வுக்கு ஒப்புக் கொண்டார்கள். துணிக்கடைக்காரர், "எனக்கு நூல் விலை ஏறினால் நான் சேலை விலையை ஏற்றுவதில்லையா?" என்று கேட்டாராம். ஒருவர் மட்டும் விலகிப் போனார். இன்றைய நிலை: வரவு ரூ.66,000, மென்பொருள் ரூ.24,780, ஹோஸ்டிங் ரூ.16,500; மிச்சம் ரூ.24,720. பழைய நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டாள்.

நம் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

வேலைக்கூலியையும் மென்பொருள் சந்தாவையும் பில்லில் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். "சந்தா விலை மாறினால் அந்த வித்தியாசம் வாடிக்கையாளரைச் சேரும்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முடிந்தால் லைசென்ஸை வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்குங்கள்.

புதுப்பிக்கும் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, ஒரு மாதம் முன்பே பாருங்கள். ஊருக்குப் போகும் காலத்தில் தேதி வந்தால், கைப்பட முன்கூட்டியே கட்ட வழி உண்டா என்று கேளுங்கள். வங்கியில் பதிந்துள்ள தொலைபேசி எண் சரியா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் சந்தேகம் வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியைத் திறந்து சரிபாருங்கள். ஒதுக்கிவிடுவது மட்டும் பரிகாரம் ஆகாது.

விலைப்பட்டியல் பக்கத்தை, வாங்கிய அன்றே அச்செடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நிறுவனம் அனுப்பும் திட்ட மாற்றக் கடிதங்களை முழுதும் படியுங்கள். 'விடாமல் புதுப்பித்தால்' என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும். எழுத்தும் படமும் உங்கள் கையில் தனியாக ஒரு நகல் இருக்கட்டும். சில மென்பொருள்களில் அமைத்த தளத்தை அப்படியே வேறிடம் கொண்டுபோக முடியாது. வாங்கும் முன் வெளியேறும் வழியைக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பதால் அது தொழில் அல்ல என்று எண்ண வேண்டாம். கடை வைத்திருக்கும் மகனிடம் வரவு செலவு கேட்பது போல, வருடம் ஒருமுறை இந்தக் கணக்கையும் உடன் உட்கார்ந்து பாருங்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் பாதகமில்லை. கூட்டலும் பெருக்கலும் போதும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். எந்த அளவையால் அளக்கிறார்கள் என்று பார்ப்பதும் அதில் அடக்கம். அந்தப் பெண் இப்போது தன் பதினொரு வாடிக்கையாளர்களின் புதுப்பிக்கும் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவும் தினமும் அதைப் பார்க்கிறாராம்.