வரப்பில் நின்றே வர்க்கமூலம் போடலாம்

உழவுக்கும் வர்க்கமூலத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. வேலியின் நீளம், மரத்துக்கு மரம் இடைவெளி, காட்டின் மூலைமட்டம் மூன்றுக்கும் அது வேண்டும். மூன்றிலும் நம்ம காசு இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாமல், குச்சியால் மண்ணில் எழுதியே போட்டுவிடலாம்.

முறை

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமான காடு என்றால் ஒரு பக்கம் எத்தனை அடி?

1. குத்துமதிப்பாக ஒரு எண் வையுங்க: 200.
2. அதால் வகுங்க: 43,560 ÷ 200 = 217.8.
3. இரண்டுக்கும் சராசரி எடுங்க: 208.9.

சரியான விடை 208.7. நாம் வைத்த எண் குறைவாக இருந்தால் வகுத்து வருவது கூடுதலாக இருக்கும். உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 208.9-ஐ வைத்து மறுபடி ஒருதரம் செய்தால் போதும். ஹெரான் என்ற அறிஞர் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த முறை இது.

வேலி

இரண்டரை ஏக்கர் 1,08,900 சதுர அடி. வர்க்கமூலம் 330. சதுரக் காடாக இருந்தால் சுற்றளவு 1,320 அடி. 8 அடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 165 கால். அதே இரண்டரை ஏக்கர் 165-க்கு 660 என்று நீளவாக்கில் கிடந்தால் சுற்றளவு 1,650 அடி, சுமார் 206 கால். நாலு மூலைக் காட்டில் சதுரத்துக்குத்தான் வேலி குறைவு. அதனால் 1,320-க்குக் கீழே யாராவது எஸ்டிமேட் கொடுத்தால் கணக்கு தப்பு. வேலை பாதியில் நிற்கும்போது கூடுதல் பணம் கேட்பார்கள். மிக அதிகமாகச் சொன்னாலும் காட்டின் நீள அகலத்தை அளந்து பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்க.

மர இடைவெளி

ஏக்கருக்கு 60 மரம் வைக்க ஆசை. 43,560 ÷ 60 = 726. 27 × 27 = 729. ஆகவே 27 அடிக்கு 27 அடி. 50 மரம் என்றால் 871. 29-இன் வர்க்கம் 841, மிச்சம் 30. அந்த மிச்சத்தை 29-இன் இரட்டிப்பான 58-ஆல் வகுத்தால் சுமார் அரை. இடைவெளி இருபத்தொன்பதரை அடி. குழி எடுத்த பிறகு கணக்குப் பார்த்துப் பலனில்லீங்க.

மூலைமட்டம்

நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளி, அகலத்தில் பாதியைச் சேர்த்தால் மூலைவிட்டம் வரும் என்று ஒரு பழைய தமிழ்க் கணக்கு உண்டு. வர்க்கமூலமே வேண்டாம். 80-க்கு 60 காட்டில் 70 + 30 = 100, அச்சு அசலாகச் சரி. 90-க்கு 60 காட்டில் 108.75 வரும், உண்மை 108.17.

ஆனால் எல்லாக் காட்டுக்கும் இது ஒத்துவராது. 100-க்கு 100 காட்டில் இது 137.5 தரும், உண்மை 141.4. நாலடி குறைகிறது. அதை நம்பிக் கயிறு பிடித்தால் மூலை கோணிவிடும். அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறுதான். 100-க்கு 10 மாதிரி ஒடுக்கமான துண்டில் 92.5 வரும், நீளத்தைவிட மூலைவிட்டம் குறைவாக இருக்க முடியுமா? அகலம் நீளத்தில் பாதியிலிருந்து முக்கால் வரை இருக்கும் காட்டுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்க. மற்றதுக்கு நீளத்தின் வர்க்கத்தையும் அகலத்தின் வர்க்கத்தையும் கூட்டி, மேலே சொன்ன சராசரி முறையில் வர்க்கமூலம் எடுங்க.

போட்டுப் பாருங்க

மூன்று ஏக்கர் சதுரக் காடு, 1,30,680 சதுர அடி. 360 என்று வைத்துத் தொடங்குங்க. பக்கம் 361.5 அடி வந்தால் முறை கைக்கு வந்துவிட்டது.